சபருல்லா பாயும் யாரும் குடிக்காத கிளாஸும்

வாங்க, எல்லாரும் சௌக்கியம்தானே? டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் மழை விட்டதா? நாகலூர் மேட்டில் இந்தத் தடவை காப்பிப் பூ நின்றதா, கொட்டிப் போனதா? மூட்டுவலிக்காரர்கள் யாராவது பின்னால் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் முன்னால் வந்துவிடுங்கள். நான் சொல்லப்போவது முதலில் உங்களுக்குத்தான்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுமதி எழுதுகிறாள். சபருல்லா பாயின் நாற்பதாம் நாளுக்கு நீங்கள் கூடும்போது அவளே வாசிப்பாள். பாயின் மகன் சேலத்திலிருந்து வந்திருக்கிறார். என் காட்டுக்குக் கீழே பாறைமேல் இருக்கும் பாயின் ஷெட்டைக் காலி செய்யப்போகிறாராம். பழைய இரும்பு, டிரான்ஸ்பார்மர் கூடு, செம்புக் கம்பி எல்லாம் தாராளமாகப் போகட்டும். உள்ளே பூட்டிய அறையில் ஒரு டிரம் இருக்கிறது. அது மட்டும் போகக் கூடாது. அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஏன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாய் போன செய்தி எனக்கு நாகலூர் பஸ்ஸில் வந்தது. அந்த பஸ்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஸ்டாப்பில் நிற்காது, கண்டக்டர் மாமியார் வீட்டு வாசலில் நிற்கும். அன்றைக்கும் அங்கே நின்றபோதுதான் கண்டக்டர் என் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க வெள்ளையண்ணா, பழைய இரும்புக்கடை பாய் காலமாயிட்டாருங்களாம்."

"யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கீங்க பாத்தேன்? ஒண்டிக்கடையில பேசிக்கிட்டாங்க."

"பேசறவங்க என்ன வேணா பேசுவாங்க. ஒரு டிக்கெட் குடுங்க, நானே போய்ப் பாத்துக்கறேன்."

கண்டக்டருக்கு என்மேல் வருத்தம். ஆனால் பாய் வீட்டில் முகத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் நான் நம்பினேன். அது நான் பாயிடமிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். "காதுல விழுந்தத கண்ணு பாக்கணும், கண்ணு பாத்தத கிளாஸ் பாக்கணும்" என்பார். அந்த கிளாஸ் எது என்று அப்புறம் சொல்கிறேன்.

பாய் இந்த மலைக்கு வந்தது எமர்ஜென்சி முடிந்த சமயம். எஸ்டேட்டுகளில் ஓடி ஓய்ந்த டிரான்ஸ்பார்மர்களை ஏலத்தில் எடுத்துப் பிரிப்பது அவர் தொழில். டவுனில் கடை வைத்துக்கொண்டு, பிரிக்கிற வேலைக்கு மட்டும் என் காட்டுக்குக் கீழே ஷெட் போட்டார். எனக்கு அப்போதே சந்தேகம். ஒண்டிக்கடையில் இடமா இல்லை? எதற்காக ஒருத்தன் ஆள் நடமாட்டம் இல்லாத பாறையைத் தேடி வருகிறான்? வேலை செய்கிற விதமும் விநோதமாக இருந்தது. முதலில் பாறைமேல் முழங்கால் உயரத்துக்குக் காப்பித் தொலியை, அதாவது கொட்டை எடுத்த பழத்தின் காய்ந்த தோலைப் பரப்புவார். டிரான்ஸ்பார்மரை அதன்மேல் இறக்கி ஆயிலை வடிப்பார். ஒழுகினதைத் தொலி குடித்துவிடும். அந்தத் தொலியையும் வெளியே கொட்டாமல் வாரித் தகர டின்னில் அடைப்பார். குப்பையைப் பத்திரப்படுத்துகிற மனிதனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றின காகிதத்தை மற்ற வியாபாரிகள் ஒரு தீக்குச்சியில் எரித்து முடிப்பார்கள். பாய் கத்தியால் நாள் முழுக்கச் சீவுவார். "பொகைய நம்பாத வெள்ளையா, அது எங்க போய் உக்காரும்னு அதுக்கே தெரியாது" என்பார். கஞ்சத்தனத்துக்கு ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளில் மலை முழுக்க ஒரு பைத்தியம் இருந்தது. டிரான்ஸ்பார்மர் ஆயிலை மூட்டில் தேய்த்தால் வலி போய்விடும் என்று. கரண்டு அதற்குள்ளேயே ஊறிக் கிடந்ததால் அதன் சக்தி எண்ணெயில் இறங்கியிருக்குமாம். கிளியூரில் ஒருத்தர் தேய்த்துக்கொண்டு சேர்வராயன் கோயில் வரைக்கும் நடந்தே போனதாகச் சொல்வார்கள். அவர் போனது ஜீப்பில் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த ஜீப்புக்கே ஒரு கதை உண்டு. சுமதி முறைக்கிறாள், விட்டுவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி பொன்னிக்கு முட்டி வீங்கி, காப்பிப் பழம் பறிக்கப் போக முடியாமல் இருந்தது. நான் பாயிடம் போய்க் கேட்டேன்.

"ஏனுங்க பாய், ஊட்டுல முட்டி வலியில கெடக்கறா. ஒரு கால் லிட்டர் குடுத்தா போதுமுங்க."

"தைலம் வாங்கித் தர்றேன் வெள்ளையா. ஆயில் தரமாட்டேன்."

"எல்லாரும் தேய்க்கறாங்க."

"எல்லாரும் எங்கிட்ட வாங்கலையே."

வடித்த ஆயில் சேலத்துக்கு லாரியில் போகிறது, அங்கே சுத்தம் செய்து மறுபடி டிரான்ஸ்பார்மருக்கே ஊற்றுகிறார்கள் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. சமையல் எண்ணெயில் கலக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். போதாததற்கு ஒரு டிரம்மை மட்டும் தனி அறையில் பூட்டி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட் ஆலைக்குள் வைத்த வெளிநாட்டு டிரான்ஸ்பார்மரிலிருந்து இறக்கியது அது. ஒசத்தியான சரக்கைத்தானே மனிதர்கள் பூட்டி வைப்பார்கள்? எனக்குக் கணக்கு சரியாக வந்தது.

இப்போது கிளாஸுக்கு வருகிறேன். பாயின் ஷெட்டுக்கு யார் போனாலும் டீ உண்டு. நாலைந்து கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருக்கும். மேல் பலகையில் மட்டும் அடியில் சிவப்புப் பெயின்ட் பூசின கிளாஸ் ஒன்று தனியாக இருக்கும். அதில் யாருக்கும் டீ ஊற்ற மாட்டார். சேலத்து டீக்கடைகளில் எங்கள் மாதிரி மலைக்காரர்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. ஆகவே என் புத்தி அந்தப் பக்கம்தான் போனது. அவர் குடிக்கிற கிளாஸில் நாம் குடித்துவிடக் கூடாதென்று ஒளித்து வைத்திருக்கிறார்!

ஒரு நாள் லாரிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்து அந்தச் சிவப்பு கிளாஸை எடுத்தேன். என் டீயை அதில் ஊற்றிக்கொண்டேன். வாய்க்குக்கூடக் கொண்டு போகவில்லை, அதற்குள் பாய் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். கிளாஸ் காப்பித் தொலியில் விழுந்து உடையாமல் உருண்டது. டீ முழுக்க என் வேட்டியில்.

"அதுல குடிக்காதய்யா!" என்று கத்தினார்.

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். "என்னங்க பாய், மலைக்காரர் வாய் பட்டா கிளாஸ் கரைஞ்சிருமா?" என்றான் ஒருத்தன். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் என் முதுகில் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்கு டவுனுக்குப் போனார். நான் பின்பக்கத் தகரத்தை நெம்பி உள்ளே நுழைந்தேன். ஆமாம், நான்தான். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதது இது. சுமதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். எழுது கண்ணு.

பூட்டின அறைக்கும் அதே தகரம்தான் சுவர். டிரம்முக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துச் சாய்த்து ஒரு டின் பிடித்தேன். தூக்கும்போது டின் அநியாயத்துக்குக் கனத்தது. எண்ணெய் அவ்வளவு கனக்காது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய அதை மட்டும் விட்டுவிட்டேன். சேலத்திலிருந்து வந்த மருந்து என்று பொன்னியிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாய் எங்கள் ஊருக்குள் வந்தார். ஒரு கையில் சிவப்பு கிளாஸ், இன்னொரு கையில் சொம்பில் தண்ணீர். டிரம்மில் மூங்கில் குச்சி விட்டு அளவு பார்க்கிற வழக்கம் அவருக்கு உண்டென்று எனக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்கிட்ட ஒரு டின் ஆயில் கொறையுது. யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

பாய் வீடு வீடாக ஏற ஆரம்பித்தார். வீட்டில் இருக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு கேட்பார், கிளாஸ் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

"ஏனுங்க பாய், எங்க ஊட்டுக் கடலெண்ண மேலயே சந்தேகமுங்களா?"

"உன் மேல இல்ல சாமி, அத வித்தவன் மேல."

மூன்று வீட்டில் மூட்டுக்கு வைத்திருந்த டிரான்ஸ்பார்மர் ஆயில் கிடைத்தது, வேறு எங்கோ வாங்கியது. மூன்றும் மிதந்தது. "மெதந்தா சாதா ஆயில். ஆனாலும் தேய்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

என் வீட்டுக்கு வந்தபோது நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. பொன்னிதான் நொண்டிக்கொண்டே போய் டின்னை எடுத்து வந்தாள்.

"இதுங்களாண்ணா? சேலத்து மருந்துன்னு வாங்கியாந்தாருங்க."

பாய் ஒரு சொட்டு விட்டார். அது மேலே நிற்கவில்லை. நேராக அடிக்குப் போய் மீன் கண் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"எத்தன நாளா தேய்க்கற தங்கச்சி?"

"ஒம்போது நாளாச்சுங்கண்ணா. வலி நொம்பத் தேவலைங்க. பருவு மாதிரி கருப்புக் கருப்பாத்தான் கெளம்புது."

பாய் என்னைப் பார்த்தார். திருடன் என்று ஒரு சொல் வரும் என்று கோடாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அரப்பும் சீயக்காயும் போட்டு மூன்று தடவை கழுவச் சொன்னார். அவள் கட்டியிருந்த பச்சைச் சேலை, தேய்த்த துணி, டின், டின் வைத்திருந்த மூலையில் ஒரு சாண் மண் எல்லாவற்றையும் சாக்கில் கட்டினார். எல்லாம் அந்த டிரம்முக்குள் போனது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பஸ் ஏற்றினவரும் அவர்தான். ஊரில் கேட்டவர்களிடம் "டின்னு கெடைச்சிருச்சு, ரோட்டோரமா கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் சொன்னார். வெளிநாட்டு டிரான்ஸ்பார்மர் சிலவற்றில் தீப்பிடிக்காத ஒரு ஆயில் இருக்கும், அது விஷம், தண்ணீரில் மூழ்கும் என்று ஒரு பழைய எலக்ட்ரீசியன் அவருக்குச் சொன்னாராம். பாய் அதையும் நம்பாமல் கிளாஸில் விட்டுப் பார்த்திருக்கிறார். மூழ்கியிருக்கிறது. அன்றைக்கே அந்த கிளாஸுக்குச் சிவப்பு அடித்துவிட்டார்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே பாய்."

"வெசம்னு சொன்னா ஒருத்தன் காப்பிச் செடிக்கு மருந்தடிக்க எடுத்துட்டுப் போவான். அதான் சொல்லல. தப்புதான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேனுங்க."

"நானும் நம்பியிருக்க மாட்டேன்."

பொன்னிக்குப் பருக்கள் ஆற ஏழெட்டு மாதம் ஆனது. உள்ளுக்குள் ஏதாவது தங்கியதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்த டின்தான் ஞாபகம் வரும். முட்டி மட்டும் பழைய மாதிரியே வலிக்கிறது.

டிரம்மை முறையாக வாங்கிக்கொள்கிறவர்களைத் தேடி பாய் எத்தனையோ ஆபீஸ் படி ஏறினார். எங்கேயும் ஆள் அகப்படவில்லை. பள்ளத்தில் கொட்டிவிட்டு டிரம்மை விலைக்குப் போடுங்கள் என்று சிரித்தார்கள். பாய் அறைக்குத் தரையும் சுவரும் சிமென்ட் போட்டார், கதவில் மண்டை ஓடு வரைந்தார். போன வருடம் நெஞ்சுவலி வந்தபோது சாவியை என்னிடம் கொடுத்தார். ஏன் எனக்கு என்று கேட்டேன். "உள்ள இருக்கறது என்னன்னு ஒனக்குத்தான் தெரியும். நீ மறக்க மாட்டே" என்றார். திருட்டைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவை பேசினார் என்றால் அதுதான்.

பாயின் மகன் நல்ல பிள்ளை. ஆனால் வாங்க வரும் வியாபாரி டிரம் இருப்பதைக் கேள்விப்பட்டு "ஆயிலையும் சேத்தே எடுத்துக்கறேன்" என்று சொன்னாராம். எதற்கு? எதில் கலக்க? யார் வீட்டு முட்டியில் தேய்க்க? நான் திருடன்தான், என் சொல்லை நம்பாதீர்கள். நானே கதவைத் திறக்கிறேன், ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து நீங்களே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மூழ்கினால், அதை அழிக்கத் தெரிந்தவர்கள் வரும்வரை அந்தக் கதவை மறுபடி திறக்காதீர்கள். அதற்குள் என் பொன்னியின் பச்சைச் சேலையும் கிடக்கிறது.

பாயிடமிருந்து எனக்கு வந்தது சிவப்பு கிளாஸும் இந்தச் சாவியும். எதையும் பார்க்காமல் நம்பாத அவருடைய குணமும் வந்திருக்கிறது. ஆனால் அவர் எனக்குச் செய்ததில் பெரியது என்னவென்றால், அன்றைக்கு என் வாசலில் நின்று என்னைப் பார்த்தும்கூட அவர் என்னை...

"ஏனுங்க! இங்க வாங்க! ஷெட்டுக்கிட்ட லாரி வந்து நிக்குதுங்க! பின்னாடி தகரத்த நெம்பறாங்க!"

பொன்னி கூப்பிடுகிறாள். அதே தகரம். சுமதி, எழுதினது போதும், அந்த கிளாஸ எடு. வேண்டாம் சாமி, நீ தொடாத, நானே...