விரல் பட்டால் விழும் பட்டு

சும்மா கிடக்கும் படத்தை விரல் பட்டதும் அசைய வைப்பதுதான் எங்கள் தொழில். "இணையதளத்துக்கு அனிமேஷன் செய்கிறேன்" என்றால், "அப்பம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாப்பியளா?" என்று கேட்பார்களே, அந்தப் பாடு பட்ட சகபாடிகளுக்கு நாகர்கோவிலிலிருந்து மூன்று சம்பவங்கள்.

பட்டும் கைலியும்

வடசேரியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் தாணுலிங்கம் அண்ணாச்சிதான் என் முதல் வாடிக்கையாளர். பெங்களூர் வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தேன். இதுவும் கைநழுவினால் திரும்பிப் போக வேண்டியதுதான். விரலால் இழுத்தால் சேலை நெளிந்து விழும்படி மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்து கொண்டுபோனேன். அண்ணாச்சி ஒரு தடவை இழுத்தார். "பட்டு இப்பிடியா பிள்ளே விழும்?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "எப்பிடி விழும், காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் ஒரு கல்யாணப் பட்டை எடுத்து உதறினார். நான் வீடியோ எடுத்தேன். ஜரிகைக் கரை கனத்தில் முதலில் இறங்குகிறது, மற்றது மடிப்பு மடிப்பாகப் பின்னால் வருகிறது. நானோ சேலை முழுவதுக்கும் ஒரே கனம் கொடுத்திருந்தேன்! திருத்திக்கொண்டு நான்காம் நாள் போனேன். இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கடைப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதாக்கும் பட்டு! அண்ணைக்கு நீ கொண்டுவந்தது கைலி, கேட்டியா?"

வெள்ளைத் திரை

மணவாளக்குறிச்சிப் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் சகாயம் அண்ணன், நான் செய்த பக்கத்தைக் கடற்கரையில் நண்பர்களுக்குத் திறந்து காட்டினார். என் அறையில் அலைமேல் ஆடிய வள்ளம், அங்கே சிக்னல் போதாமல் வெறும் வெள்ளையாக நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பழைய போன் ஒன்றோடு அதே மணலில் போய் உட்கார்ந்தேன். கனமான போட்டோக்களை எல்லாம் தூக்கிவிட்டு, வள்ளத்தையும் அலையையும் கோடுகளாலேயே வரைந்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணன் அதே ஆட்களைக் கூப்பிட்டார். தொட்டதும் வள்ளம் வந்தது. போனைச் சாய்த்தால் வள்ளமும் சாய்ந்தது. அன்றைக்கு அதிகமாகச் சிரித்த மீனவர் வெகுநேரம் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் பாத்தாச்சு சகாயம். இனி வள்ளத்தக் காட்டும், நான் ஒண்ணு எடுக்கேன்!"

டெவலப்பர் எங்கே?

கொச்சியில் தங்கும் விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தோடு வீடியோவில் பேச்சு. மேலாளர் மலையாளம் கலந்த தமிழில், "டிசைன் கொள்ளாம், நல்லா இருக்கு மோளே. இனி டெவலப்பரைக் கூப்பிடு, அவர்கிட்ட பேசணும்" என்றார். "நான்தான் சார்" என்றேன். நம்பவில்லை. "இந்தக் காயல் படத்தில் மழை பெய்யணும். எத்தனை நாள் ஆகும்?"

"லைன்லயே இருங்க சார்" என்றேன். அவர்கள் பார்க்கப் பார்க்க நிரல் எழுதினேன். முதலில் மழை கீழிருந்து மேலே பெய்தது, யாரோ சிரித்தார்கள். ஒரு கழித்தல் குறியைச் சேர்த்தேன். மழை இறங்கியது, விரல் வைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது. பிறகு மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "திங்கட்கிழமை தொடங்கலாமா, மேடம்?"

ஜெயித்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன். தோற்றதை எல்லாம் 'பழைய வெர்ஷன்' என்று பெயர் போட்டு அழித்துவிடலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள பெரிய வசதி.