திரைக்கு வெளியே நீண்ட கை

சுப்புராயன் செட்டியாருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. மந்தைவெளியில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவர் ஒரு தடவையாவது சந்தேகப்படாத மனிதரும் கிடையாது. நாலணா கொடுத்தால் கல்லில் தட்டிப் பார்ப்பார், காதருகே வைத்துக் கேட்பார், அப்புறமும் மனசு ஆறாமல் கொடுத்தவர் மூஞ்சியைப் பார்ப்பார். பால்காரி பாலில் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சந்தேகம். ஒரு நாள் பால் கெட்டியாக வந்துவிட்டால், மாவு கலந்துவிட்டாளோ என்று அதைவிடப் பெரிய சந்தேகம். "தாலி கட்டும்போதே, பொண்ணை மாத்திட்டாங்களான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் கட்டினாரு" என்று அவர் மனைவி சொர்ணம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கை.

அவர் தொழில் வளையல். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், தேனாம்பேட்டை என்று சுற்றுவார். ஏரியைத் தூர்த்த இடத்தில் தியாகராய நகர் என்று புதிதாகப் பங்களாக்கள் எழும்பத் தொடங்கியதும் அங்கேயும் போய்வந்தார். கண்ணாடி வளையல் போடும்போது உடைந்தால் நஷ்டம் போடுகிறவனுக்கு. அதனால் ஒரு கையைப் பிடித்தால் எங்கே எலும்பு, எங்கே சதை, எங்கே வலிக்கும் என்று அவர் விரல்கள் உடனே கண்டுகொள்ளும். "மூஞ்சி பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர் பிற்பாடு ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தார்.

கச்சேரி ரோட்டிலிருந்து மசூதிப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அஃப்சருன்னிசா பேகம் என்ற அம்மாளின் வீடு இருந்தது. பழைய நவாபு வம்சத்தில் ஏதோ ஒரு தூரத்துக் கிளை. அந்த உறவுக்காகச் சர்க்கார் அந்த அம்மாளுக்கு மாதாமாதம் ஒரு மான்யம் கொடுத்துவந்தது. அதுவும் அவர் உயிரோடு இருக்கும்வரைதான். கண்ணை மூடினால் நின்றுபோகும். புருஷன் நூர் முஹம்மது சாயபுவுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மான்யத்தில்தான்.

வருஷா வருஷம் ரம்ஜான் பண்டிகைக்கு முன்னால் செட்டியாருக்கு அங்கிருந்து அழைப்பு வரும். கூடத்தின் நடுவே கனத்த திரை தொங்கும். சாயபு வெளியே நிற்பார். திரையின் இடுக்கிலிருந்து ஒரு கை மட்டும் நீளும். குரல் கிடையாது. பிடித்த நிறத்தை விரலால் தொட்டுக் காட்டும். ஒரு டஜன் போட்டுவிட்ட பிறகு இன்னொரு டஜனை நூலில் கட்டி உள்ளே கொடுப்பார். இருபது வருஷமாக இதே வழக்கம். பேகத்தின் முகம் கறுப்பா சிவப்பா என்று செட்டியாருக்குத் தெரியாது.

ஆனால் கையைத் தெரியும். முதல் வருஷம் அதைப் பிடித்ததும் திடுக்கிட்டுப் போனார். நவாபு வீட்டுப் பெண்ணின் கையா இது! உள்ளங்கையில் அம்மிக்குழவி பிடித்த காய்ப்பு. மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்துச் சுட்ட வடு. விரல் கணுக்கள் புடைத்து, சவுக்காரம் போட்டுத் தேய்த்தால்தான் வளையல் ஏறும். செட்டியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். மான்யம் போதவில்லை, மகாராணி மாதிரி இருக்கவேண்டியவள் தானே அரைத்து, தானே துவைத்து, இந்தச் சோம்பேறிச் சாயபுவுக்கு ஆக்கிப் போடுகிறாள். அன்றிலிருந்து சாயபு மேல் வெறுப்பு. அந்தக் கைமேல் அளவில்லாத மரியாதை.

பிறகு அவருடைய ஒரே பெண் அம்மையில் போனாள். வயிறு கேட்காதே, அந்த ரம்ஜானுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சாயபு வாசலில் நின்று துக்கம் கேட்டுவிட்டு, தெருவில் யாரோ கூப்பிட வெளியே போய்விட்டார். செட்டியார் வளையலைப் போட ஆரம்பித்தார். கவனம் பிசகி இரண்டு வளையல் உடைந்தன. திரைக்கு வெளியே இருந்த கை உள்ளே போயிற்று. சற்றுப் பொறுத்து மறுபடி வந்தது. வந்து, அவர் கைமேல் படிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

கூடப்பிறந்தவள் இல்லாத செட்டியாருக்கு அன்று ஒரு தங்கை கிடைத்தாள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணத்திடம்கூடச் சொல்லவில்லை. அன்னிய ஆணைத் தொட்டாள் என்று அந்த அம்மாளுக்கு ஒரு சொல் வந்துவிடக்கூடாதே என்ற பயம்.

நான் சொல்லவந்த வருஷம் ரம்ஜானுக்குப் போனபோது திரை விலகிக் கை வந்தது. செட்டியார் பிடித்தார். பிடித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

காய்ப்பு இல்லை. வடு இல்லை. கணு இல்லை. ஒரு நாளும் பாத்திரம் தேய்க்காத மெத்தென்ற கை. சவுக்காரம் தொடாமலே வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் நிமிர்ந்து சாயபுவைப் பார்த்தார். சாயபு சுவரைப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆவட்டும் செட்டியாரே."

"இன்னொரு டஜன் உள்ள குடுக்கணுமே, சாயபு?"

"இந்த வருசம் வேணாம்."

அன்று அவர் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினார்.

"அந்தம்மா செத்துட்டாங்க சொர்ணம். அந்தாளு எவளோ சின்னப் பொண்ணைக் கட்டிக்கினு வந்து திரைக்குப் பின்னால குந்த வச்சிக்கினு கீறான். செத்தவங்க பேர்ல துட்டு வாங்கித் துன்னுக்கினு கீறான்."

சொர்ணம் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா பேசற நீ? கண்ணால பாக்கறதும் பொய், காதால கேக்கறதும் பொய்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க."

"நான் கண்ணாலயும் பாக்கல, காதாலயும் கேக்கல. கையால புடிச்சிப் பாத்தேன். அதுக்கு இன்னா சொல்லிக்கீறாங்க?"

அதற்குப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொர்ணம் வேறு பக்கத்திலிருந்து வந்தாள். "அப்டியே இருந்தாலும் அது சர்க்கார் துட்டு. உன் ஊட்டுத் துட்டா? ஒரு குடும்பம் கஞ்சி குடிக்குது. கோள் சொல்லி அதுல மண்ணைப் போடணுமா?"

"துட்டு எக்கேடு கெட்டா எனக்கு இன்னா? செத்தவங்களை செத்துட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அவங்க பேரை இன்னொருத்தி போட்டுக்கினு உக்காந்துகீறாளே!"

சொர்ணம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். வளையல் வாங்குகிற வீட்டு அம்மாளுக்காகப் புருஷன் எதற்கு இப்படி உருகுகிறார் என்று அவளுக்கே இப்போது ஒரு சந்தேகம் முளைத்தது.

செட்டியார் உளவு பார்க்க ஆரம்பித்தார். வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சந்து வழியாகத்தான் போவார், அந்தச் சந்து வழியாகத்தான் வருவார். சாயபு காலில் புதுச் செருப்பு. சரிதான், புது மாப்பிள்ளை! ஒரு நாள் ஜன்னல் வழியே அத்தர் வாசனை. மகாராணி இருந்தபோது மசாலா வாசனைதானே வரும்? நெருப்பில்லாமல் புகையுமா? கடைசியில் மசூதிப் பக்கம் குழி வெட்டுகிற வலியுல்லாவிடம் பேச்சுக் கொடுத்தார். அடித்தது யோகம்.

"ஆமா நைனா, அந்த ஊட்லேர்ந்து ரெண்டு மாசம் முன்னால ஒரு மய்யித்து வந்துச்சு. பொம்பளை மய்யித்து" என்றான் வலியுல்லா.

"யாரு செத்தது?"

"எனக்கு இன்னா தெரியும்? வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். சாயபு மட்டும் குழந்தையாட்டம் அழுதுக்கினு நின்னாரு."

அழுதானாமே, கெட்டிக்காரன்! செட்டியாருக்கு இனிமேல் எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் போய்விட்ட சந்தேகக்காரனைப்போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது.

அடுத்த வீட்டில் குடியிருந்த பஞ்சாட்சரம் மான்யம் பட்டுவாடா செய்கிற ஆபீசில் சேவகன். அவனிடம் யாருக்கோ நடந்ததுபோல விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். அவன் கண்கள் விரிந்தன. "யாரு நைனா? பேரைச் சொல்லு. மான்யத்தை நிறுத்தறதோட வுடமாட்டாங்க. ஆளை ஜெயில்ல தள்ளிடுவாங்க."

ஜெயில் என்றதும் செட்டியார் பின்வாங்கினார். சாயபு சோம்பேறிதான், ஆனால் கம்பிக்குப் பின்னால் அந்த மனுஷனை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சும்மா கேட்டேன் என்று மழுப்பிவிட்டு வந்தார். சொன்னால் ஒரு குடி கெடும். சொல்லாவிட்டால் தங்கையின் சாவை அவரும் சேர்ந்து மறைத்தவர் ஆவார்.

விஷயம் தானாக அவர் வாசலுக்கே வந்தது. நூர் முஹம்மது சாயபு ஒரு சாயங்காலம் வந்து நின்றார். வருஷா வருஷம் பேகம் உயிரோடிருப்பதைப் பார்க்க மான்ய ஆபீசர் சாயபு வீட்டுக்கு வருவது வழக்கம். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் நன்றாகத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். இத்தனை வருஷம் சொல்லிவந்த வீட்டு வைத்தியர் ஹக்கீம் காலமாகிவிட்டார்.

"இருவது வருசமா வளையல் போடறீங்க. வெளியாள்ல உங்களை விட்டா யாருக்கு அவங்களைத் தெரியும்?" என்றார் சாயபு. சொல்லும்போது அவர் கண் செட்டியாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது.

செட்டியாருக்கு ரத்தம் கொதித்தது. பொய்ச் சாட்சி சொல்ல என்னையே கூப்பிடுகிறான்! இதைவிட மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம். "வர்றேன் சாயபு" என்று மட்டும் சொன்னார்.

குறித்த நாளில் கூடத்தில் ஆபீசருக்கு நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் பஞ்சாட்சரம். திரைக்கு இந்தப்புறம் சாயபு, கைகட்டி நின்றார்.

"திரைக்குப் பின்னால் இருப்பவர் அஃப்சருன்னிசா பேகம்தான் என்று உமக்குத் தெரியுமா?" என்று ஆபீசர் கேட்டார்.

"கையைப் புடிச்சிப் பாத்துச் சொல்றேனுங்க."

திரை அசைந்தது. கை வந்தது. அதே மெத்தென்ற கை. செட்டியார் அதைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். ஜெயில் ஞாபகம் வந்தது. அம்மிக்குழவிக் காய்ப்பும் ஞாபகம் வந்தது.

"இது அந்தக் கை இல்லீங்க" என்றார். "நான் இருவது வருசமா வளையல் போட்ட அம்மா இவங்க இல்ல. அவங்க செத்துட்டாங்க."

சாயபு சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பஞ்சாட்சரம் நிமிர்ந்து நின்றான். ஆபீசர் வாயைத் திறக்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த வீட்டில் செட்டியார் கேட்ட முதல் பெண்குரல்.

"செட்டியார் சொல்றது நிசம். அவர் புடிச்சது என் கை இல்லை. மஸ்தான்பீ கை. எங்க வீட்டுலயே வளர்ந்து, வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவ. வெளி ஆம்பிளைகிட்ட என் கையை நீட்ட எனக்கு மனசு வரலை. அவ நீட்டுவா. உள்ளே வர்ற இன்னொரு டஜனை எனக்கு அவதான் போட்டுவிடுவா. ரெண்டு மாசம் முன்னால அவ மவுத்தாயிட்டா. போட்டுவிட ஆள் இல்லை. அதான் என் கையை நீட்டினேன். கை மாறினது செட்டியாருக்குத் தெரியாதுன்னு இவர் நெனச்சுட்டார்."

"கதை நல்லாத்தான் கீது" என்றார் செட்டியார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஆபீசரும் தலையை ஆட்டினார். "இதற்கு என்னம்மா அத்தாட்சி?"

குரல் இந்தமுறை செட்டியாரிடம் பேசியது.

"செட்டியாரே, உங்க பொண்ணு இறந்துபோன வருசம் இங்கே வந்தீங்க. ரெண்டு வளையல் உடைஞ்சுது. மஸ்தான்பீ கையை உள்ள இழுத்துக்கிட்டா. அப்புறம் திரும்ப நீட்டி உங்க கைமேல வச்சா. இவர் அப்போ தெருவிலே இருந்தார். நான் அவ பக்கத்திலேயே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க போனதும் அவ கன்னத்திலே அறைஞ்சேன். வெளி ஆம்பிளையைத் தொட்டுட்டியேன்னு கேட்டேன். அவ அழலை. 'அவருக்குப் பொண்ணு செத்துப்போச்சும்மா'ன்னு மட்டும் சொன்னா."

செட்டியார் இன்னும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெதுவாக விட்டார். அது திரைக்குள் போயிற்று. மயிலாப்பூர் முழுக்கக் கேட்டாலும், அவரை விட்டால் அந்த விஷயத்தைச் சொல்லக்கூடியவர்கள் அன்று திரைக்குள் இருந்த இரண்டு பேர்தான். ஒருத்தி மண்ணுக்குள் போய்விட்டாள் என்றால் மிச்சம் இருப்பது யார்? அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்போது என்ன சொல்கிறீர்?" என்றார் ஆபீசர்.

"இவங்கதான் பேகம் அம்மா. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன். நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

சாயபு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஆபீசர் செட்டியாரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மான்யம் பிழைத்தது. எழுந்தவருக்கு மனசில் ஏதோ இடறியிருக்கவேண்டும், நின்று கேட்டார்.

"அந்த மஸ்தான்பீ இறந்து ரெண்டு மாசம் ஆகிறது என்கிறீர்கள். இத்தனை வருஷம் வந்துபோகிற இவருக்கே தெரியவில்லை. ஏன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை?"

"அவளுக்கு மான்யம் ஒண்ணும் வரலியே" என்றார் பேகம். "அவ போனதை யாருக்குச் சொல்லணும்?"

செட்டியார் வளையல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீசர் பார்க்கிறார், பஞ்சாட்சரம் பார்க்கிறான் என்றுகூட நினைக்காமல், தங்கை செத்த சேதி அப்போதுதான் வந்ததுபோல வாய்விட்டு அழுதார்.