சனியன் துரையின் சரித்திரம்

பழைய காகிதம் பார்க்கிற உத்தியோகத்தில் முதலில் கெடுவது மூக்கு. அப்புறம் கெடுவது நம்மைத் தேடி வருகிறவர்களின் நம்பிக்கை. சங்கரன்கோவிலில் ஒரு சர்க்கார் ஆபீஸின் ரெக்கார்டு ரூமில் நான் இரண்டையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் எழுதிக் குவித்த கட்டுகள் மட்டும் போகவில்லை. எந்த ஊரிலாவது தூசிக் கட்டுகளோடு குடித்தனம் நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. தும்மிக்கொண்டே படியுங்கள்.

ஆடு செய்த புரட்சி

சுதந்திரம் வந்த புதிது. வெள்ளைக்காரனை எதிர்த்த முன்னோர் ஒருவராவது இல்லாவிட்டால் பெண் கேட்டுப் போகிற இடத்தில்கூட மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. குருவிகுளம் பக்கத்திலிருந்து சுடலைமுத்து என்ற ஆட்டுக்காரர் வந்தார். அவருடைய பூட்டனார் ஒரு துரையோடு மோதினாராம். காகிதத்தில் கட்டாயம் இருக்கும், நகல் வேண்டும் என்றார்.

தேடினேன். இருக்கத்தான் செய்தது. சாலையோரம் துரை வைத்த புளியங்கன்றுகளைப் பூட்டனாரின் ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆகவே அவரே மறு கன்று வைத்து, அவை வளரும்வரை தண்ணீரும் சுமக்கவேண்டும் என்று உத்தரவு. துரையின் பெயர் இருந்த ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. மனுஷர் மனம் ஒடிந்துபோவாரே என்று தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மோதுனாரா இல்லையா? ஆட்டை விட்டு மோதுனாருன்னு எழுதித் தாங்கய்யா!"

புற்றுக்குப் பொட்டு

கடைசி அலமாரிக்குப் பின்னால் கரையான் புற்று எழுப்பிவிட்டது. மற்ற ஊராக இருந்தால் இடித்துத் தள்ளியிருப்பார்கள். எங்கள் ஊரிலோ புற்றுமண் கோமதியம்மன் கோயில் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், நோய்நொடி வந்தால் கரைத்துக் குடிப்போம். பியூன் இசக்கியின் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் புற்றுக்கு மஞ்சள், குங்குமம், தலையில் செவ்வரளிப் பூ. கடப்பாரை மூலையில் சாத்தியிருந்தது. அதற்கும் ஒரு பொட்டு.

சர்க்கார் கட்டுகளை எல்லாம் கரையான் தின்கிறதே என்று கத்தினேன். இசக்கி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "கோமதியம்மா ஊர்ல இருந்துக்கிட்டு புத்தை இடிக்கச் சொல்லுதியளே! காயிதம் போனா போவுது. வெள்ளைக்காரனா திரும்பி வந்து கேக்கப்போறான்?"

கேட்டுவிட்டாள்

வெள்ளைக்காரன் கேட்கவில்லை. வெள்ளைக்காரி கடிதம் போட்டுக் கேட்டாள். சீமையில் ஏதோ ஒரு குக்கிராமம். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வுபெற்ற கிழவி, மாதாகோயில் பதிவுகளையும் கல்லறை எழுத்துகளையும் பார்த்துத் தன் ஊரின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மாதாகோயில் சுவரில் அவள் அப்பாவுக்கு ஒரு கல் இருக்கிறது. 'சங்கரன்கோவில் சீமையில் சாலைகள் அமைத்தார். மக்கள் அன்போடு இவரைச் சனியன் என்று அழைத்தனர்' என்று அதில் வெட்டியிருக்கிறதாம். அந்த உயர்ந்த பட்டத்துக்குப் பொருள் என்ன? இதுதான் கேள்வி. 'மறைக்காமல் எழுதுங்கள். அப்பா இறக்கும்போது நான் கைக்குழந்தை. அவரைப் பற்றி என்னிடம் இருப்பது இந்த ஒரு சொல்தான்' என்று முடித்திருந்தாள்.

விழுந்து விழுந்து சிரித்தவன், அந்தக் கடைசி வரியில் அடங்கிப்போனேன். அப்பா முகம் தெரியாதவளுக்கு இதையா எழுதுவது? துரையின் காலத்துக் கட்டில் நல்லதாக ஏதாவது அகப்படாதா என்று ஓடினேன். அது கடைசி அலமாரியில் இருந்த கட்டு. கரையான் தின்று முழுக்க அம்மனாகியிருந்தது. வேறு வழி தெரியாமல், சனியன் என்றால் புண்ணியவான் என்று எழுதிவிடலாமா என்று ஆபீஸரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுதும் வே. நாளைக்கு அவ இங்க வந்து என்னைப் பாத்து, 'வணக்கம் சனியன்'ம்பா. அப்ப நீரா பதில் சொல்லுவீரு?"

சாலையோரம்

சாலை, துரை என்றதும் எனக்குச் சுடலைமுத்துவின் ஆடுகள் ஞாபகம் வந்தன. மறுநாளே குருவிகுளம் சாலையில் சைக்கிளை மிதித்தேன். கரிசல் காட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. மனுஷர் ஆடுகளோடு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பூட்டனார் மோதிய துரைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேரு யாருக்குய்யா தெரியும்? சனியன் துரைம்பாவ. புடிச்சா விடமாட்டானாம். கன்னு பட்டுப்போச்சுன்னா வச்சவன் வீட்டு வாசல்ல குதிரையோட வந்து நிப்பானாம். மறு கன்னு வைக்காம நகரமாட்டானாம்" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் புளியமரங்கள். ஆடுகள் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. சுடலைமுத்து பக்கத்து மரத்தைத் தட்டிக் காட்டினார். "எங்க பூட்டன் சாவுற வரைக்கும் அவனை ஏசிக்கிட்டேதான் கெடந்தாரு. சனியன், என்னமா நிழலு வச்சிட்டுப் போயிருக்கான் பாத்தியளா!"

பதிலுக்குப் பதில்

உள்ளதை உள்ளபடி எழுதினேன். சனி ஒரு கிரகம். பிடித்தால் லேசில் விடாது. எங்கள் ஜனங்கள் அந்தப் பெயரை வசவாகவும் சொல்வார்கள். உங்கள் அப்பாவை வசவாகத்தான் சொன்னார்கள். நான் அதைக் கேட்டது அவர் வைத்த மரத்தின் நிழலில். அந்த மரத்தின் இலைக் கொத்து ஒன்றையும் உறைக்குள் வைத்தேன். தபாலில் போட்ட பிறகுதான் பயம் வந்தது. கிழவி அழுவாளோ, மேலிடத்துக்குப் புகார் எழுதுவாளோ என்று தவித்தேன். இசக்கி எனக்காகப் புற்றுக்கு ஒரு விளக்கு போட்டான்.

பதில் வந்தது. "என் அம்மாவும் அப்பாவை இதே அர்த்தத்தில்தான் ஏசுவாள். என்னைப் பற்றியும் இந்த ஊரில் இதுதான் பேச்சு. எனக்கு இப்போது அப்பாவைத் தெரியும். வீட்டு வாசலில் 'சனியன்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன்."

ஊரெல்லாம் எள் விளக்கு ஏற்றி விரட்டுகிற ஆளை, கையில் அவர் பெயர் உள்ள ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், சீமையில் வாசலில் பெயர்ப்பலகை மாட்டி வரவேற்க வைத்த பெருமை, தும்மும் சகோதரர்களே, நம் உத்தியோகத்துக்குத்தான் உண்டு.