கால் முக்குகிற தொட்டி

எங்கள் கோழிப்பண்ணை வாசலில் சிமெண்டில் கட்டிய ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. கணுக்கால் ஆழம். தினமும் காலையில் அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றி வைப்போம். யார் வந்தாலும் அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முட்டை ஏற்ற வரும் லாரியின் டயருக்கு மருந்து அடித்த பிறகுதான் கேட் திறக்கும். வேலையாட்கள் குளித்து, பண்ணைக்கென்று வைத்திருக்கும் துணியை உடுத்திக்கொண்டுதான் ஷெட்டுக்குப் போக வேண்டும். வேறு பண்ணைக்குப் போய்வந்தவன் அன்றைக்கு என் பண்ணைக்குள் நுழைய முடியாது. சேந்தமங்கலம் சுற்றுவட்டாரத்தில் இந்த விஷயத்தில் என்னைப் போலக் கறாரான ஆள் கிடையாது என்று பேர். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான்.

என் மனைவியின் அண்ணனையே ஒருமுறை கேட்டில் நிறுத்தினேன். அவரும் கோழிப்பண்ணைக்காரர்தான். அப்போது அவர் பக்கத்துப் பண்ணைகளில் சீக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சியைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் வீடு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது.

"தப்பா நெனைக்காதீங்க மச்சான். இன்னைக்கு உள்ள விட முடியாதுங்க" என்றேன்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்குமா மாப்ள?"

கேட் கம்பிக்கு இடையில் சொம்பை நீட்டச் சொன்னேன். அவர் வாங்காமல் போய்விட்டார். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்று நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். எது சரி என்று தெரியாமல் நான் பிறகு தப்புப் பண்ணவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதையை முதலில் சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தீவன அறைப் படியில் வழுக்கி விழுந்து என் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்தது. நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட் வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன் என்னை உட்கார வைத்துப் பேசினார். உடம்புக்குள் இரும்பு வைக்கிறோம், அதில் கிருமி ஏறி உட்கார்ந்துவிட்டால் இறக்குவது கஷ்டம், அதனால்தான் கத்தி கத்தரி துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைக்கிறோம், கை கழுவுவதற்கே இத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கிறோம் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஷெட்டும் அப்படித்தானுங்க. ஒரு செட்டுக் கோழி போனா, கழுவி, சுண்ணாம்படிச்சு, புகை போட்டு, ஒரு மாசம் காலியா வெச்சுத்தான் அடுத்த செட்டு ஏத்துவேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

டாக்டருக்குச் சந்தோஷம். "அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. தியேட்டருக்குள்ள நாங்க பாத்துக்குவோம். வார்டுக்கு வந்தப்புறம் நீங்க பாத்துக்கணும்" என்றார்.

தியேட்டர் கதவு திறந்து மூடும்போது அவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். முழங்கையில் இருந்து தண்ணீர் சொட்டியது. எதையும் தொடாமல் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என் பண்ணையில் இப்படி ஒரு ஆள் வேலைக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஜனத்தில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வராமல் இருந்தால் அது இருபது வருஷத்துக்குப் பேச்சு. அதனால் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வேன் பிடித்து வருவார்கள். ரொட்டியும் ஆப்பிளும் வாங்கி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"ஒவ்வொருத்தரா வாங்க சார். கை கழுவிட்டு வாங்க. பெட்ல உக்காராதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

என் பெரியம்மா மகன், "நாங்கெல்லாம் சேத்துல இருந்து எந்திரிச்சு வந்தவங்களாட்டம் பேசுதே இந்தப் புள்ள" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சானைக் கேட்டில் நிறுத்தியவன், பெரியம்மா மகனைக் கட்டிலில் உட்கார வைத்தேன். ஏன்? கோழி செத்தால் என் தொழில் போகும். சொந்தக்காரன் கோபித்தால் என் பேர் போகும். நடுவில் மனைவியின் கால் என் நினைப்பிலேயே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பண்ணையில் பத்துப் பதினைந்து கோழி செத்துக் கிடந்தன. என்ன சீக்கு என்று பார்க்க நானே நாலு கோழியை அறுத்துப் பார்த்தேன். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அதே சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சட்டைப் பையில் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடிப் பாக்கெட் இருந்தது. பாதி பிரித்தது.

கட்டின் ஓரத்தில் லேசாக ஈரம் கசிந்திருந்தது. எரிகிறது என்றாள் மனைவி. நர்ஸிடம் கேட்டேன். டாக்டர் சேலம் போயிருக்கிறார், சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு மாற்றுவார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றாள்.

அவள் போனதும் நான் பிளாஸ்திரியைப் பிரித்தேன்.

"வேண்டாங்க. அந்தப் புள்ள அத்தன தரம் சொல்லிட்டுப் போச்சுங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. முப்பதாயிரம் கோழிக்கு வைத்தியம் பாக்கறவனுக்கு இது தெரியாதா?"

தையலின் மேல் அந்தப் பொடியைத் தூவினேன். பழைய பஞ்சையே திரும்ப வைத்து ஒட்டினேன். ஒரு நிமிஷ வேலை.

சாயங்காலம் நர்ஸ் வந்து பார்த்தாள். பிளாஸ்திரி கோணலாக இருந்தது. "யார் சார் இத பிரிச்சது?" என்றாள்.

நான் கத்தினேன். "நீ ஒழுங்கா ஒட்டத் தெரியாம ஒட்டிப்போட்டு எங்களக் கேக்கறயா? ஆஸ்பத்திரி நடத்தறீங்களா, என்ன நடத்தறீங்க?" வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கூடச் சேர்ந்துகொண்டார்கள். தலைமை நர்ஸ் ஓடி வந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெண்ணைத் திட்டினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத" என்றார். மறுநாள் அவளை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆறாம் நாள் மனைவிக்குக் குளிர்காய்ச்சல். தையல் சிவந்து வீங்கி ஒரு இடத்தில் சீழ் வந்தது. எனக்கு அந்த நாற்றம் தெரியும். அறுத்துப் பார்த்த கோழிகளில் அடித்த நாற்றம்.

டாக்டர் சீழைக் குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "மேலோட தோலோட நின்னா மருந்துல சரியாகிடும். பிளேட்டுக்குப் போயிடுச்சுன்னா பிளேட்ட எடுக்கணும். எலும்பு சேராது. அப்புறம் கால் எப்படின்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "புண்ணுல யாராவது ஏதாவது போட்டீங்களா? திட்டறதுக்குக் கேக்கல. எனக்குத் தெரியணும்."

சுற்றிலும் எட்டுப் பேர் நின்றார்கள். "இல்லீங்க" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் ஊசி மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டேன், போனில் முட்டை விலை பேசினேன், வந்தவர்களிடம் ஆஸ்பத்திரியைக் குறை சொன்னேன். ஒவ்வொரு முறை டாக்டர் உள்ளே வரும்போதும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவர் வெளியே போனதும் அப்பாடா என்று இருக்கும். மனைவியின் கால் போகப்போகிறது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஒன்பதாம் நாள் மச்சான் வந்தார். அன்றைக்குக் கேட்டில் இருந்து திரும்பிப் போன பிறகு என் முகத்தில் விழிக்காத மனிதர். செருப்பை வெளியே விட்டார். வாசலில் இருந்த குழாயில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். கட்டிலில் உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றார்.

"உக்காருங்க மச்சான்" என்றேன்.

"பரவால்லீங்க மாப்ள. எல்லாம் உங்க கேட்டுல படிச்சதுதானுங்க" என்றார். சிரிக்கவில்லை. தங்கச்சியிடம் திரும்பி, "என்ன சாமி, இப்படிக் கெடக்கற" என்றார். அவள் அழுதாள்.

அப்போதுதான் டாக்டர் பரிசோதனைத் தாளோடு வந்தார். இடது பக்கம் மருந்துகளின் பேர் வரிசையாக இருந்தது. வலது பக்கம் ஒற்றை எழுத்து. 'ஆர்' என்று போட்டிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. கடைசி இரண்டு வரியைத் தவிரத் தாள் முழுக்க ஆர். அந்தப் பேர்களில் பாதி எனக்குத் தெரியும். என் பண்ணை அலமாரியில் இருக்கிறவை. சீக்கு வந்தாலும் வராவிட்டாலும் வருஷக்கணக்காக நான் கோழித் தண்ணீரில் கலந்து ஊற்றியவை.

"சாதாரணமா இப்படி வராது" என்றார் டாக்டர். மனைவியிடம், "நீங்க முன்னாடி நிறைய மருந்து சாப்பிட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

சொன்னேன். மச்சானுக்கு முன்னாலேயே சொன்னேன். பொடி, கை, அன்று காலையில் அறுத்த கோழி, எல்லாம்.

டாக்டர் திட்டவில்லை. "அந்தப் பாக்கெட் இருக்கா? எடுத்துட்டு வாங்க" என்றார். காரில் போட்டு வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தேன். மனிதருக்கு உபயோகிக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. அவர் மருந்தின் பேரை எழுதிக்கொண்டார். "அந்தப் பொடியில வந்துச்சா, உங்க கையில வந்துச்சா, வந்தவங்க யார்கிட்டயாவது வந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே தெறந்து கழுவியிருப்பேன். மூணு நாள் போச்சு" என்றார்.

அன்று மத்தியானமே தையலைத் திறந்து கழுவினார்கள். நாலு நாள் கழித்து இன்னொரு தடவை. மருந்தை மாற்றினார்கள். பிளேட் தப்பித்தது. கால் தப்பித்தது. ஆனால் மாதக்கணக்காகப் படுத்தே கிடந்ததில் முழங்கால் இறுகிப்போனது. இப்போது பாதிதான் மடங்கும்.

வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அந்த நர்ஸைத் தேடி மேல்மாடிக்குப் போனேன். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மிணி, அன்னைக்குக் கட்டப் பிரிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். பெட்ஷீட்ல மஞ்சளா கொட்டியிருந்துச்சு. மேடம்கிட்ட சொன்னேன், நம்பல." தலைமை நர்ஸ் இருந்த அறையைக் கை காட்டினாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அங்க சொல்லுங்க."

அந்த அறை வரைக்கும் போனேன். உள்ளே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் போகட்டும் என்று நின்றேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், அவசரம். சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்துக் காலைக் காட்டப் போனபோது அந்தப் பெண் அங்கே இல்லை. எங்கே என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சீக்கு வந்தால் மட்டும்தான் மருந்து, அதுவும் கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான். இதைச் சொல்லி யாரும் என்னை மெச்ச வேண்டாம்.

காலையில் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு வருவாள். கேட்டில் தொட்டி இருக்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரியாக மடங்காத காலை இன்னொரு கையால் தூக்கித் தண்ணீரில் வைப்பாள். வலி முகத்தில் தெரியும். உனக்கு வேண்டாம், ஓரமாக வழி விட்டுத் தருகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன்.

"அதெப்படீங்க, எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே" என்றாள்.

கை கொடுக்கப் போனால் பிடிக்கமாட்டாள். இரண்டு காலையும் முக்கி எடுத்துவிட்டு, தினமும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பாள்.

"போதுங்களா?"

போதும் என்று சொல்லிக் கேட்டைத் திறப்பேன்.