விசிறி கழலாத வியாழக்கிழமை

போன மாதம் பேரன் என்னைப் போர்ட்டிக்சனுக்குக் கூட்டிப்போனான், கடல் பார்க்க. நான் பார்த்தது என்னவோ கரையேற்றி வைத்திருந்த ஒரு மோட்டார் படகின் பின்பக்கத்தைத்தான். ஒரு சீன இளைஞர் அதன் புரொப்பெல்லரில் மூன்று கால் வைத்த இழுப்பான் ஒன்றை மாட்டி, ஸ்பேனரால் நாலு சுற்றுச் சுற்றினார். ‘டக்’கென்று புரொப்பெல்லர் கையோடு வந்துவிட்டது. அவர் வாயிலிருந்த சிகரெட் பாதிகூட எரிந்திருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத மனிதர் மேல் இந்தத் தாத்தாவுக்கு என்ன கோபம் என்று பேரனுக்கு விளங்கவில்லை. கதையைக் கேட்டால் உங்களுக்கு விளங்கும்.

கோபத்தைக் கிளப்பியது அந்த வாடைதான் என்று நினைக்கிறேன். பழைய கிரீசும் ஆற்றுச் சேறும் உப்பும் கலந்த வாடை. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஃபிட்டராக இருந்த காலத்தில் என் சட்டையெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் ஒரு சார்ஜண்டின் கீழ் துப்பாக்கியோடு காவல், மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். ஆகவே வெளியே வேலை என்றால் அன்றைக்கு முழுப் பட்டினி. எனக்கோ பசி வந்தால் பத்தும் பறந்துவிடும், முதலில் பறப்பது பொறுமை.

ரந்தாவ் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தார் என் அப்பா. அங்கேயும் வேலி போட்டார்கள். முதல் கம்பியை இழுத்துக் கட்டிய அன்றே, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கே, ஊருக்குப் போய்விடுவதென்று அவர் முடிவெடுத்துவிட்டார். அம்மா அதற்கு இரண்டு வருசம் முன்பே கண்ணை மூடியிருந்தாள்.

“கம்பிக்குள்ள அடஞ்சி கெடக்க நான் என்ன கோழியாடா? நீயும் கெளம்பு.”

“ஊருல என்னப்பா வெச்சிருக்கீங்க? நான் வரல.”

“உன்ன மாதிரி எதுத்துப் பேச அங்க ஒருத்தனும் இல்ல. அது போதும் எனக்கு.”

இப்படித்தான் முறித்துக்கொண்டோம். எட்டு மாதம் பேச்சில்லை. பிறகு தங்கச்சி நாலு வரி எழுதியிருந்தாள்: வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவெட்டனம் துறைமுகத்திலிருந்து கப்பல், அப்பா உன்னை வரச்சொல்லவில்லை, ஆனால் தினமும் தபால்காரரைக் கேட்கிறார். அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. துரையிடம் போய் நின்றேன். வியாழன் மத்தியானத்திலிருந்து லீவு கொடுத்தார், சனிக்கிழமை காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

போவதற்குத்தான் வழியில்லை. தோட்டத்து ரோட்டில் இருந்த மரப்பாலத்தைக் காட்டுக்காரர்கள் எரித்துவிட்டிருந்தார்கள். ரப்பர் ஷீட்டு, அரிசி, ஆட்கள் எல்லாம் தோட்டத்து மோட்டார் படகில்தான் போய்வந்தன. அந்தப் படகு புதன்கிழமை ஆற்றில் மிதந்து வந்த மரக்கட்டையில் மோதி, புரொப்பெல்லரின் ஓர் இதழ் வளைந்துபோனது. ஸ்டோரில் புதுசு ஒன்று இருந்தது. பழசைக் கழற்றிப் புதுசை மாட்ட வேண்டும். மாட்ட வேண்டிய ஃபிட்டர் யார்? அடியேன்தான். என்னை அப்பாவிடம் கொண்டு சேர்க்கும் படகை நானே சரி செய்ய வேண்டும். இதைவிட வசதி வேறென்ன என்று அன்றைக்கு நினைத்தேன். மடையன்.

படகோட்டியைப் பாக் சான் என்று கூப்பிடுவோம். மலாய்க்காரர், ஐம்பது வயது, எங்களோடு பழகிப் பழகி எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். புரொப்பெல்லர் என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. ‘கிப்பாஸ்’ என்பார், விசிறி. வியாழன் காலையில், நீர் வற்றும் நேரம் பார்த்து, வேலிக்கு வெளியே ஆற்றங்கரையில் இரண்டு கட்டைகள் மேல் படகை உட்கார வைத்தோம். பத்து மணிக்கெல்லாம் பின்பக்கம் முழுக்கத் தெரிந்தது. இரண்டரை மணிக்கு மேல் தண்ணீர் ஏறிவரும். அதற்குள் மாட்டிவிட்டால் மூன்றரைக்குப் படகு மிதக்கும், ஊரடங்குக்கு முன்னால் போர்ட்டிக்சன் போய்விடலாம், காலையில் பஸ், ரயில், அப்பா.

நட்டு சுலபமாகக் கழன்றது. விசிறி கழலவில்லை. முனை சிறுத்த இரும்புத் தண்டில் ஆப்பு இறங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தது, எத்தனையோ வருசத்து உப்பு அதைப் பிடித்து வைத்திருந்தது. இழுத்தேன், உதைத்தேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். பாக் சான் கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார்.

“பெலான் பெலான் லா, தம்பி. நீ கோவிச்சா அதுவும் கோவிக்கும்.”

அவர் மெதுவாக என்றாலே எனக்கு வேகம்தான் வரும். மண்ணெண்ணெய் ஊதுவிளக்கால் சூடு காட்டினால் விசிறி விரிந்து கொடுக்கும் என்று தெரியும். ஆபீசுக்கு ஓடினேன். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

“ஊதுவிளக்கோ? மண்ணெண்ணெய் வேலிக்கு வெளியால கொண்டு போகேலாது எண்டு உமக்குத் தெரியாதோ? சார்ஜண்ட் கையெழுத்து வைக்கவேணும்.”

“சார்ஜண்ட் எங்க சார்?”

“வெளியால போயிட்டார். பின்னேரம் வருவார்.”

திரும்பி ஓடினேன். பழைய ஷீட்டு மிஷினிலிருந்து எடுத்த இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட்டு மாட்டி, நானே ஓர் இழுப்பான் செய்தேன். முறுக்க முறுக்க ஒரு போல்ட்டின் தலை தெறித்து, என் காதோரமாகப் பறந்து சேற்றில் புதைந்தது. இன்னொன்றின் மரை அழிந்தது. மணி பன்னிரண்டரை. வயிறு காந்தியது. அந்த விசிறியைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மிச்சம் இருந்தது சம்மட்டிதான். விசிறி கழன்று சேற்றில் விழாமலிருக்க நட்டை இரண்டு மரை மட்டும் திரும்ப ஏற்றினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ஒரு பக்கம் நான் பெரிய சம்மட்டியை அண்டை கொடுத்துப் பிடிக்க, மறுபக்கம் பாக் சான் அடித்தார். வெண்கலம் இல்லையா, ஆறு முழுக்க ஒலித்தது. அடியை நிறுத்தினால் இறுக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம்.

“நிறுத்தாதீங்க பாக் சான்! விடாம அடிங்க!”

அவரும் விடாமல் அடித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். கை மரத்துப்போய் நாங்கள் மூச்சு வாங்க நின்றபோதுதான் கேட்டது. தூரத்தில் ஆபீஸ் வாசல் தண்டவாளம் அடிக்கிறது. அதைக் கேட்டு இரண்டாம் டிவிசன் தண்டவாளமும் அடிக்கிறது. எங்கள் தோட்டத்தில் டிவிசனுக்கு ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பெரட்டுக்கு எண்ணி அடிப்பார்கள். விடாமல் அடித்தால் காட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், எல்லாரும் வேலிக்குள் ஓடு என்று அர்த்தம். ஒரு டிவிசனில் கேட்டால் அடுத்த டிவிசன் வாங்கி அடிக்க வேண்டும், அதுதான் சட்டம்.

“மாத்தி! வந்துட்டான்!” என்றார் பாக் சான். மலாயில் ‘மாத்தி’ என்றால் செத்தோம். சம்மட்டிகளைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கண்டல் மர வேர்களுக்குள் பாய்ந்தோம். கழுத்துவரை சேறு. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவரும் அவர் பங்குக்கு. தண்டவாளங்கள் அடித்து ஓய்ந்தன. நாங்கள் வெளியே வரவில்லை. நண்டு ஒன்று என் காலை ஆராய்ந்துகொண்டிருந்தது. மணி இரண்டானது, இரண்டரையானது, தண்ணீர் ஏறத் தொடங்கியது.

கடைசியில் சார்ஜண்ட் ஆறு பேரோடு வந்தார். காட்டில் ஈ காக்காய் இல்லையாம். முதலில் எங்கே அடித்தது என்றுதான் தேடுகிறார்களாம். எந்த டிவிசனும் முதலில் அடிக்கவில்லை. சேறு சொட்ட நின்ற எங்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கிடந்த சம்மட்டியை எடுத்து விசிறியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ‘ணங்’ என்ற அதே சத்தம். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அடுத்த நொடி ‘டொக்’கென்று விசிறி தண்டை விட்டு நழுவி நட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாக அழுதேன். அரை மணி நேரம் கொடுங்கள், தண்ணீரில் நின்றாவது புதுசை மாட்டிவிடுகிறேன், அப்பா நாளைக்குக் கப்பல் ஏறுகிறார் என்று கெஞ்சினேன். “ஏசோக் லா, தம்பி” என்றார் சார்ஜண்ட், நாளைக்குத்தான் என்று. ஆபீசில் வாக்குமூலம் எழுதி முடிக்கும்போது ஊரடங்கு வந்துவிட்டது.

ஆபீசுக்குப் போகும் வழியில் லயத்துப் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஓடிவந்த வேகத்தில் அன்றைய ரப்பர் பால் வாளிகள் ரப்பர் காடு முழுக்கக் கவிழ்ந்து கிடந்தன. என்னைத் திட்டாத வாய் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை என் பெயர் ‘தண்டவாளம்’தான். வெள்ளிக்கிழமை காலையில் நீர் வற்றியதும் புது விசிறியை மாட்டினேன், இருபதே நிமிடம். மூன்று மணிக்குப் பிறகு படகு மிதந்தபோது கப்பல் எங்கே இருந்ததோ.

நடந்ததை அப்படியே அப்பாவுக்கு எழுதினேன், கட்டை, போல்ட்டு, சம்மட்டி, தண்டவாளம், ஒன்று விடாமல். மூன்று மாதம் கழித்துத் தங்கச்சி பதில் போட்டாள். அவள் வாசித்துக் காட்டும்போது அப்பா பாதியிலேயே எழுந்துவிட்டாராம். “வர இஷ்டமில்லன்னா இல்லன்னு எழுத வேண்டியதுதானே. விசிறி கழலலையாம்! எதுக்குடி இம்மாம் பெரிய பொய்யி?” என்றாராம். பாக் சானையே சாட்சிக்கு இழுத்து, அவர் கைநாட்டோடு இன்னொரு கடிதம் அனுப்பினேன். அதை அப்பா கேட்கவே மறுத்துவிட்டார். நாலு வருசத்தில் அவர் போன செய்தி தந்தியில் வந்தது.

தோட்டத்தைப் பிறகு துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. வேலி, லயம், தண்டவாளங்கள், படகுத்துறை எதுவும் இல்லை, ஆற்றையே அங்கே குறுக்கிவிட்டார்கள். சேறு சொட்ட என்னோடு நின்ற பாக் சான் போய் முப்பது வருசம். திட்டிய பெண்களில் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று விசாரித்துப் பார்த்தேன், இல்லை. அப்பாவிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று சொல்ல, என்னைத் தவிர இன்று யாரும் இல்லை.