மூன்றாம் மாடிக்கு ஏறாத தங்கை

டிப்போவில் அவளை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டும்போது ஹாரன் அடிக்கவே மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், முன்னால் போகிற லாரி தானாக ஓரம் கட்டும். அந்தத் தொண்டை அக்காவிடமிருந்து தொற்றிக்கொண்டது என்பாள். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகி, வீட்டில் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அம்மா இறந்தபோது ஹாரன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. அக்காதான் தலை பின்னிவிட்டாள், அடித்தாள், காய்ச்சலென்றால் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தனக்குக் கல்யாணமானபோதும் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். வயரிங் வேலை செய்கிற அத்தான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே அதிகம் பேசுகிறவர் இல்லை. ஹாரனை ஓட்டுநர் பயிற்சியில் சேர்த்துவிட்டதும் அக்காதான். “பொம்பளைக்கு எதுக்கு பஸ்ஸு?” என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டதற்கு, “ஸ்டியரிங் என்ன, புடிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா திரும்புது?” என்று அவர் வாயை அடைத்தாள்.

அந்த அக்காவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது.

முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவது கொஞ்சம் கேட்டது. புதிதாக இன்னொன்று ஆரம்பிக்கலாம், அதுவரை உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். “இவங்க உடம்புல எதிர்த்து நிக்கிற சக்தியே இப்ப இல்ல. நமக்கு வர்ற சாதாரண சளி இவங்களுக்குச் சாதாரணம் இல்ல. யார் பாக்க வந்தாலும் டெஸ்ட் பண்ணிட்டு உள்ள விடுங்க.”

நாள் முழுக்க ஊரார் இருமலைச் சுமந்துகொண்டு ஓடுகிற பஸ்ஸில் வேலை செய்கிறவள் ஹாரன். அவளுக்குத்தான் அந்தப் பேச்சு முதலில் உறைத்தது. மருந்துக்கடைக்குப் போய்க் கொரோனாவுக்கும் ஃபுளூவுக்கும் சேர்த்து ஒரே அட்டையில் பார்க்கிற டெஸ்ட் கிட்டுகளை வாங்கினாள். கடைக்காரம்மா பொறுமைசாலி. குச்சியை இரண்டு மூக்குத் துவாரத்திலும் விட்டுச் சுழற்ற வேண்டும், எத்தனை நிமிடம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: “ரெண்டாவது கோடு வந்தா, எவ்வளவு மங்கலா இருந்தாலும் நோய் இருக்குன்னே வெச்சுக்கோங்க. கோடு வரலன்னா இல்லவே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. ஆரம்பத்துல காட்டாது. ரெண்டு நாள் விட்டு மறுபடியும் பாக்கணும்.”

ஹாரன் இதை டிப்போ முழுக்கப் பரப்பினாள். அவளுடைய கண்டக்டர் ஒருமுறை காலையில் டெஸ்ட் பண்ணி ஒன்றுமில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, சாயங்காலம் குப்பைத்தொட்டியைக் கிளறி அதே அட்டையை எடுத்துப் பார்த்து, “ஐயோ, கோடு முளைச்சிருக்கு!” என்று அலறினான். “நேரம் தாண்டி வந்த கோடு செல்லாதுடா. பஸ் போனப்புறம் ஸ்டாப்புல நின்னு கை காட்டுற மாதிரி அது. சந்தேகமா இருந்தா புதுசா ஒண்ணு போட்டுப் பாரு” என்றாள் ஹாரன். அன்று சிரித்தவர்களில் அக்காவும் ஒருத்தி. போனில் கதையைக் கேட்டு மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரித்தாள்.

வேலை கிடைத்த பிறகு தனியாகக் குடியிருந்த ஹாரன் ஒவ்வொரு வார விடுமுறையிலும் காலையில் டெஸ்ட் பண்ணுவாள், முகக்கவசத்தை மாட்டிக்கொள்வாள், அக்கா வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவாள். அக்காவின் காலைப் பிடித்துவிடுவாள். இருவரும் ஊர்வம்பு பேசுவார்கள். அத்தான் டீ போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் ரேடியோ கேட்பார்.

ஒரு விடுமுறைக்கு முதல் நாள் அவளுக்குத் தொண்டையில் லேசாகக் கரகரத்தது. காலையில் டெஸ்ட் பண்ணினாள். ஒரே கோடு. டெஸ்ட் சரியாக வேலை செய்தது என்று காட்டுகிற கோடு மட்டும். ஆனாலும் தொண்டை அவளை உறுத்தியது. அக்காவைப் போனில் கூப்பிட்டு, இந்த வாரம் வரவில்லை என்றாள்.

“ஒரு கோடுதானேடி? அப்புறம் என்ன?” என்றாள் அக்கா.

“இன்னும் ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்க்கா.”

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, இரண்டாவது கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். மெல்லிய ரோஜா நிறத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. பார்க்க விரும்பாதவர்கள் கண்ணுக்கு அது பட்டே இருக்காது. அவளுக்கும் அதைப் பார்க்க விருப்பமில்லைதான். படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினாள். அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். “எனக்கு ஒண்ணும் தெரியல சித்தி. அம்மா உங்களையே கேட்டுட்டு இருக்காங்க” என்று பதில் வந்தது.

ஹாரன் போகவில்லை. மறுநாள் இன்னொரு டெஸ்டில் கோடு தடிமனாகவே விழுந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள் கிடந்தாள். காய்ச்சல் ஒரே நாளில் விட்டுவிட்டது. ஆனால் அடுத்த விடுமுறை நாளிலும் கோடு போகவில்லை. அன்று முகக்கவசத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக்குக் கீழே நின்றாள். மேலே ஜன்னலில் அக்கா வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய தொண்டை இல்லை, போனில்தான் பேச வேண்டியிருந்தது.

“மேல வாடி. கதவுகிட்ட நின்னுட்டுப் போ.”

“இன்னும் கோடு இருக்குக்கா. முழுசாப் போனதும் வந்துடறேன்.”

“கோடு, கோடு! எனக்கு உன் மூஞ்சியைப் பாக்கணும்.”

“இதோ தெரியுதே மூஞ்சி.”

“அது மூஞ்சியா? அதுல பாதி துணி.” அக்கா கம்பியில் சாய்ந்துகொண்டாள். பிறகு வந்தது அவள் வாயிலிருந்து: “பஸ் ஓட்டுற மாதிரியே உறவையும் ஓட்டுறே நீ. உன் ஸ்டாப்புன்னாத்தான் நிப்பே. ஒருத்தி நடுரோட்டுல நின்னு கை காட்டுனா நிக்க மாட்டே.”

அக்கா போனை வைத்துவிட்டாள். ஜன்னலில் ஆள் இல்லை. ஹாரன் அரைமணி நேரம் நின்று பார்த்தாள். திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அக்காவின் கோபம் தெரிந்ததுதானே, நாளைக்குத் தானாகக் கூப்பிடுவாள் என்று வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. அந்த நோயில் அப்படி ஆகலாம், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொற்றுக்கும் இந்தச் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

இறுதிச் சடங்கில் ஹாரன் எல்லோருக்கும் பின்னால் தள்ளி, முகத்தை மூடிக்கொண்டு தனியாக நின்றாள். அழுததில் முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கழற்றவில்லை. அக்கா மகள் அவளைக் கடந்து போகும்போது நின்றாள். “கண்ணுக்கே தெரியாத ஒரு கோடு சித்தி. அதுக்குப் பயந்து எங்கம்மாவைப் பாக்காம விட்டுட்டீங்க” என்றாள். ஹாரனிடம் சொல்வதற்கு நியாயம் இருந்தது. கடைக்காரம்மா சொன்னது, டாக்டரம்மா சொன்னது, மறுநாள் தடித்து விழுந்த கோடு, எல்லாம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது அக்காவைக் கொண்டுவருமா?

மாதங்கள் போயின. பஸ்ஸில் அவள் குரல் கேட்பது குறைந்தது. முதல்முறையாக பஸ்ஸின் ஹாரனை அழுத்தப் பழகினாள். கண்டக்டர் கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

குளிர் தொடங்கியபோது அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. அத்தானுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள், அது ஹாரனுக்குத் தெரியும். தூரத்திலிருந்தே விசாரித்திருந்தாள்.

“சித்தி, எனக்கு கோடு வந்திருக்கு. லேசாத்தான் இருக்கு.” குரல் உடைந்தது. “அப்பா உள்ள இருக்காரு. நான் மாடிப்படியில உக்காந்திருக்கேன். உள்ள போகலாமா வேணாமா?”

“போகாதேம்மா. என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வர்றேன், நீ அங்க போயிரு. அத்தானை நான் பாத்துக்கறேன்.”

எதிர்முனையில் நெடுநேரம் அழுகை. “உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சா சித்தி?” என்று மட்டும் கேட்டாள்.

ஹாரன் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கொண்டு, முகக்கவசத்தோடு மூன்று மாடி ஏறினாள். அக்காவின் கட்டில் அதே இடத்தில் இருந்தது, மெத்தை மட்டும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அத்தானுக்குக் கஞ்சி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், தலையணையை உயர்த்தி வைத்தாள். பிறகு, இத்தனை மாதமாகத் தொண்டைக்குள் கிடந்ததைக் கேட்டாள்.

“அத்தான், அன்னைக்கு என்கிட்ட போனை வெச்சப்புறம் அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

அத்தான் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். இன்று ஒரு நாளாவது வரக்கூடாதா என்று இருந்தது.

“ஒண்ணும் சொல்லலம்மா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்படியே தூங்கிட்டா.”

ஹாரன் தலையை ஆட்டினாள். அவர் குடித்து முடித்த தம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கும் மேலே, அக்காவுக்குக் கேட்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதாள்.