கை தூக்கிய மத்தியானம்

இப்போது நினைத்தால், கல்கத்தாவில் எங்கள் காளிகாட் வீட்டு மாலைகள் எல்லாம் ஒரே நீண்ட மாலையாகத்தான் தெரிகின்றன. தூரத்தில் டிராம் மணி, கூடத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் என் வீட்டுக்காரர், மின்விசிறி கம்பெனியில் அதிகாரி. மற்றதில் மாடி வீட்டு வங்காளி அண்ணன், அவர்கள் வழக்கப்படி தாதா, அதே கம்பெனியில் குமாஸ்தா, யூனியன் செயலாளர். பணத்தைப் போட்டு நஷ்டத்துக்கும் துணிந்தவனுக்குத்தான் தொழிற்சாலை சொந்தம் என்பார் இவர். நாட்டையே ஓட்டுப் போட்டு நடத்துகிறோம், தொழிற்சாலையை அப்படி நடத்தினால் என்ன என்பார் அவர். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே கேட்பேன். இரண்டு குரலும் எண்ணெய்ச் சத்தமும் கலந்து, நின்றபடியே கண் சொக்கும். தோசை விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் கம்பெனியில் கெரோ. ஆட்குறைப்பைக் கைவிடும்வரை தொழிலாளர்கள் அதிகாரிகளை வெளியே விடாமல் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இவருக்கோ சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கமே வந்துவிடும். டிபன் கேரியரில் இட்லியை அடுக்கிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது, பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு வைத்திருந்தேன்.

இவர் அறை வாசலில் ஐம்பது பேர். முதல் வரிசையில், தரையில், தாதா. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பௌதி, சாப்பாட்டை உள்ளே விடறதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. எல்லாரையும் கேட்கணும்."

அண்ணியை அங்கே பௌதி என்பார்கள். உள்ளே விடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தாதா கேட்டார். முதலில் அவர் கைதான் உயர்ந்தது. கூடவே பத்துப் பன்னிரண்டு கைகள், அவ்வளவுதான். அவர் தலை குனிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க பௌதி. தோத்துட்டோம்."

எனக்கு வந்ததே கோபம்! அரைகுறை வங்காளத்தில் கத்தினேன்.

"ஏழு வருஷமா உங்க ரெண்டு பேர் வாதத்துக்கும் மாவு ஆட்டறவ நான். நான் தொழிலாளி இல்லையா? எனக்கு ஓட்டு கிடையாதா?"

கையைத் தூக்கினேன். தூக்கியது தூக்கியபடியே நின்றேன்.

பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கை தூக்கினாள். பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் ஜன்னல் வெயிலில் ஒவ்வொன்றாக, கிரீஸ் படிந்த கைகள், வளையல் போட்ட கைகள், மெதுவாக, தண்ணீருக்குள் எழுவது மாதிரி. இன்றைக்கும் அது கனவோ என்று எனக்குச் சந்தேகம் வரும். கதவு திறந்தது. இவர் உள்ளே சாப்பிட்டார். மீதியை தாதா வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வர, இவர் வீடு திரும்பினார்.

மறுநாள் மாலை இரண்டு நாற்காலியும் நிறைந்தன. நடந்தது ஓட்டின் வெற்றி என்றார் தாதா. தனி ஆள் ஒருத்தி துணிந்ததால்தான் நடந்தது, அதைத்தானே நான் இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்றார் இவர். பேச்சு சூடுபிடித்ததும் இருவரும் வழக்கம்போல தோசைக்காக அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் மாவு ஆட்டவில்லை.